லாபத்தில் வாங்குகிறவர் பங்கு

நேயர்களுக்கு வணக்கம். ராமநாதபுரம் மாவட்டம் சாயல்குடிப் பக்கம் கருப்பட்டி வாங்கி விற்கிறவன் நான். வியாபாரி நம் பையிலிருந்து எடுத்துக்கொள்வதுதான் லாபம் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதை உண்டாக்குவதில் வாங்குகிறவருக்கும் சரிபாதி வேலை இருக்கிறது என்பதுதான் என் எண்ணம்.

ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஏறக்குறைய 8 முதல் 10 லிட்டர் பதநீர் வேண்டும். பனையேறி காலையும் மாலையும் மரமேறிப் பாளை சீவ வேண்டும். புளிக்காமல் இருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவ வேண்டும். இறக்கியதை அன்றைக்கே காய்ச்சியாக வேண்டும். அந்த அனலில் மணிக்கணக்காக நின்று கிண்டுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான். விறகுச் செலவு தனி.

இவ்வளவையும் பாதி விலைக்குக் கேட்டால் கட்டுமா? சீனி கலந்தால் கட்டும். கலப்படம் அப்படித்தான் உள்ளே வருகிறது. கலப்பவர் செய்வது குற்றம்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த விலைக்குத்தான் வாங்குவேன் என்று நிற்பவரும் சேர்ந்துதான் அதைக் காய்ச்சுகிறார்.

இன்னொன்று, நல்ல கருப்பட்டி மழைக்காலத்தில் ஈரத்தை இழுத்துக் கசியும். விவரம் தெரியாதவர் கெட்டுப்போச்சு என்று திருப்பிக் கொடுப்பார், அந்த நஷ்டம் காய்ச்சிய வீட்டுக்குப் போய்ச் சேரும். தெரிந்தவர் அடுப்புக்கு மேலே பரணில் வைத்து வருஷம் முழுக்கப் புழங்குவார். சரக்கு ஒன்றுதான், ஒருவரிடம் நஷ்டமாகிறது, இன்னொருவரிடம் லாபமாகிறது.

கருவாட்டிலும் இதே கணக்குதான். மணல் ஒட்டாத கருவாடு கேட்டு, அதற்கு நாலு காசு கூடக் கொடுக்க ஆள் இருந்தால்தான் தரையில் பரப்பாமல் வலைத்தட்டில் காயவைப்பது கட்டுபடியாகும். நம் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, பெருமைதான். ஆனால் பெயர் சொல்லிக் கேட்டு வாங்க ஆள் வேண்டுமே!

அப்புறம், முன்பணம். பருவம் தொடங்கும்போது பல பனையேறிகள் கையில் காசு இருக்காது. கடன் கொடுத்தவர் சொன்ன விலைக்கே சரக்கைப் போட வேண்டியிருக்கும். எங்களிடம் வாங்கும் சில குடும்பங்கள் மாசியிலேயே தேவையைச் சொல்லிப் பாதிப் பணம் தந்துவிடுகின்றன. விறகுக்கும் வீட்டுச் செலவுக்கும் அது போதுமாக இருக்கிறது. சீனி சேர்க்க வேண்டிய நெருக்கடியும் இல்லை. நாலைந்து வீடுகள் சேர்ந்து ஒரு பனையேறி குடும்பத்திடம் இப்படிச் சொல்லிவைக்கலாம். காய்ச்சுகிற இடத்துக்கே போய்ப் பாருங்கள், சூடான பதநீர்ப் பாகை ஒரு வாய் ருசித்துவிட்டு விலையைப் பேசுங்கள்.

நன்றி, வணக்கம்.