ஆலையும் இலுப்பைப்பூவும்

(மன்னார்குடியில் 2021 நவம்பர் நூலக வார விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, வாசகர் வட்டத்தின் பொறுப்பாளர்களே, முன்னிலை வகிக்கும் நகராட்சி அலுவலர்களே, மாவட்ட நூலக ஆணைக்குழுவிலிருந்து இந்த அடைமழையிலும் வந்திருக்கும் அதிகாரிகளே, வரவேற்புரையில் என்னை நானே அறியாத உயரத்துக்கு ஏற்றிவைத்த தலைமையாசிரியர் அவர்களே, பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் ஆன செலவைத் தாமே ஏற்றுக்கொண்ட அரிசி ஆலை உரிமையாளர் அவர்களே, முகக்கவசத்துக்கு மேலே கண்களால் மட்டும் புன்னகைக்கும் தாய்மார்களே, பெரியோர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் என் வணக்கம். ஆலை உரிமையாளரை மேடையில் வைத்துக்கொண்டு ஆலையைப் பற்றிய ஒரு பழமொழியைத் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன். அவர் பொறுத்துக்கொள்வார் என்பது அவரை நீண்ட காலமாக அறிந்தவன் என்ற முறையில் எனக்கு உள்ள துணிவு.

'துயர ஆண்டில் நாம் கண்ட வெளிச்சங்கள்' என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. வயிறு, படிப்பு, மயானம் என்று மூன்று பகுதிகளாக இதைப் பேசலாம் என்று எண்ணியிருக்கிறேன். நம் பாட்டிமார்கள் சொல்வார்கள், 'ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை' என்று. அதைப் பெரும்பாலும் ஏளனமாகத்தான் சொல்வோம். ஆனால் 2020 மார்ச் 25 அன்று நாடே கதவடைத்த பிறகு, ஆலை என்று நாம் நம்பியிருந்த அத்தனையும் நின்றுபோன பிறகு, இலுப்பைப்பூவும் இனிக்கத்தான் செய்கிறது என்பதை நாம் நாக்கில் வைத்துத் தெரிந்துகொண்டோம்.

முதலில் வயிறு. கோவை வடிவேலம்பாளையத்தில் ஒரு ரூபாய்க்கு இட்லி விற்றுவந்த கமலாத்தாள் பாட்டி, உளுந்தும் மிளகாயும் விலையேறிய ஊரடங்கிலும் தம் இட்லியின் விலையை ஏற்றவில்லை. மதுரையில் பூல்பாண்டி என்ற முதியவர், பிச்சையெடுத்துச் சேர்த்த பணத்தைப் பத்தாயிரம் பத்தாயிரமாகக் கொண்டுபோய் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கொரோனா நிவாரண நிதிக்குத் தந்தார். அந்த ஆண்டு சுதந்திர தினத்தையொட்டி மாவட்ட நிர்வாகம் அவருக்கு விருது அளித்தது. நம் டெல்டாவுக்கோ வேறொரு வெளிச்சமும் கிடைத்தது. எட்டு ஆண்டுகளாகத் தள்ளித் தள்ளிப் போன மேட்டூர் அணைத் திறப்பு, 2020-இல் உரிய நாளான ஜூன் 12 அன்றே நடந்தது. ஊரடங்கால் திருப்பூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வேலையிழந்து திரும்பிய பிள்ளைகள் குறுவை நடவில் வயலில் இறங்கினார்கள். உழவர்களுக்கு முன்னால் உழவைப் பற்றி நான் அதிகம் பேசுவது முறையாகாது.

இரண்டாவது படிப்பு. இங்கேதான் நான் சற்று நிற்க வேண்டியிருக்கிறது. பள்ளிகள் மூடின, பத்தாம் வகுப்புத் தேர்வு ஜூன் மாதம் ரத்தாகி எல்லோரும் தேர்ச்சி பெற்றார்கள், கல்வித் தொலைக்காட்சி பாடம் நடத்தியது, செல்பேசி உள்ள வீட்டில் அண்ணன் படித்தான், தங்கை வேடிக்கை பார்த்தாள். அந்த நாட்களில் நம் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில், அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் ஒரு காரியம் செய்தார். பெயரைச் சொல்லக்கூடாது என்று என்னிடம் உறுதி வாங்கியிருக்கிறார். ஊரின் பகுதிநேர நூலகம் பூட்டிக் கிடந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியர் வீடு, அஞ்சல்காரர் வீடு, கோயில் குருக்கள் வீடு என்று ஏறி இறங்கி, பரணில் கிடந்த புத்தகங்களையெல்லாம் கேட்டு வாங்கினார். தம் பழைய தோல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சைக்கிளின் பின்னால் ஒரு மரப்பெட்டியைக் கட்டி, தெருத்தெருவாகப் போனார். புத்தகம் எடுத்தால் பழைய பயணச்சீட்டைப் போல் ஒரு துண்டுச்சீட்டைக் கிழித்துக் கொடுப்பார். பிள்ளைகள் கூடிவிட்டால் பழக்கதோஷத்தில் "உள்ளே போ, உள்ளே போ" என்று சொல்லிவிட்டு, உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு "தள்ளி நில்லு, தள்ளி நில்லு" என்பாராம்.

ஒரு நாள் முச்சந்தியில் இளம் காவலர் ஒருவர் லத்தியை நீட்டி மறித்தார். "பெரியவரே, பாஸ் இருக்கா?" என்று கேட்டார். நம்மவர் சைக்கிளை நிறுத்திவிட்டு நிதானமாகச் சொன்னார்: "முப்பது வருஷமா நான்தான் தம்பி எல்லார்கிட்டயும் பாஸ் கேட்டேன். இன்னைக்குத்தான் என்கிட்ட ஒருத்தர் கேக்குறாரு." காவலர் சிரித்துவிட்டுப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். சாராயம் இருக்கும் என்று நினைத்தவர் கண்ணில் பட்டது ஐந்து பாகம் கொண்ட ஒரு சரித்திர நாவலின் நான்காம் பாகம். "ஐயா, பந்தோபஸ்துக்கு வர்றதுக்கு முன்னாடி மூணு பாகம் படிச்சு முடிச்சேன்" என்றார். அன்று நான்காம் பாகம் காவலரோடு போய்விட்டது. நான்கே நாளில் ஐந்தாம் பாகம் வேண்டும் என்று நின்றார். ஐந்தாம் பாகமோ பக்கத்து ஊர் மளிகைக் கடைக்காரரிடம் இருந்தது. அந்த வீட்டில் ஒருவருக்குத் தொற்று என்று வாசலில் தகரம் அடித்து 14 நாள் தனிமைப்படுத்தியிருந்தார்கள். அதன் பிறகு அந்த முச்சந்தியைக் கடக்கும்போதெல்லாம் பெரியவரிடம் காவலர் கேட்டது பாஸை அல்ல, "தகரத்தை எப்பய்யா பிரிப்பாங்க?" என்பதைத்தான். மளிகைக் கடைக்காரரும் இலேசுப்பட்டவர் அல்லர். ஜன்னல் வழியாகக் கதையின் முடிவைக் கத்திச் சொல்லட்டுமா என்று கேட்டிருக்கிறார். இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு பெரியவர் ஓடிவந்துவிட்டார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள், நானும் இதைக் கேட்டபோது சிரித்தேன். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. ஆனால் சிரித்து முடித்த பிறகு ஒரு கேள்வி நிற்கிறது: ஊரில் ஆலை ஏன் இல்லாமல் போனது? அந்தப் பெரியவர் சைக்கிளில் சுமந்தது ஒரு நூலகம் செய்ய வேண்டிய வேலையை. அந்த நூலகத்துக்கு நாம் ஏற்கெனவே பணம் கட்டியிருக்கிறோம். நம் வீட்டு வரியில் ஒவ்வொரு ரூபாய்க்கும் 10 பைசா நூலக வரியாகச் சேர்கிறது. அப்படி வசூலித்த தொகையை உள்ளாட்சிகள் ஆணைக்குழுவுக்கு உரிய காலத்தில் செலுத்தாமல் நிலுவையில் வைப்பது பல மாவட்டங்களில் பழைய நோய். மேடையில் நகராட்சியாரும் ஆணைக்குழுவினரும் அருகருகே அமர்ந்திருப்பதால், இதற்குமேல் நான் சொல்லாமல் விடுவதே நாகரிகம்.

இன்னொன்றை மட்டும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஊரடங்கின் நடுவே 2020 மே 7 அன்று மதுக்கடைகள் திறந்தன; மறுநாளே உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது, உச்ச நீதிமன்றம் வரை போய் மீண்டும் மே 16-இல் திறந்தார்கள். நூலகங்கள் திறக்கச் செப்டம்பர் ஆயிற்று. அடுத்த ஆண்டு இரண்டாம் அலையில் அவை மறுபடியும் மூடின. கூட்டம் சேரக்கூடாது என்ற காரணத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் கூட்டமே சேராமல் வாசலுக்கு வாசல் நூல் கொடுக்கும் வழியை இந்த ஊர் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே கண்டுபிடித்ததை நாம் மறந்துவிட்டோம். 1931 அக்டோபரில், இதே மன்னார்குடியை அடுத்த மேலவாசலில், எஸ். வி. கனகசபை பிள்ளை வடிவமைத்த மாட்டுவண்டி நூலகம் புறப்பட்டது. சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டதும் அதே 1931-இல்தான். நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது அவற்றில் முதல் விதி. 1948-இல் பொது நூலகச் சட்டத்தை இந்தியாவிலேயே முதலில் நிறைவேற்றிய மாநிலமும் நம்முடையதே. இத்தனையும் இருந்தும், பூட்டிய கதவுக்குப் பின்னால் புத்தகங்களைக் கறையான் படித்துக்கொண்டிருக்க, ஒரு முதியவர் பரணைத் தேடி ஓட வேண்டியிருந்தது.

கடந்த மாதம் 27-ஆம் நாள் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தை முதலமைச்சர் தொடங்கிவைத்தார். முதற்கட்டமாக 12 மாவட்டங்களில் தன்னார்வலர்கள் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குக் கற்பிக்கப்போகிறார்கள். மனமார வரவேற்கிறேன். அந்த மாலை வகுப்புகளை ஊர்ப்புற நூலகங்களிலேயே நடத்தினால் பாடப் புத்தகத்தைத் தாண்டியும் ஒரு பிள்ளையின் கை நீளும். அதற்கு நூலகம் மாலையில் திறந்திருக்க வேண்டும். திறந்திருக்க முழுநேர ஊழியர் வேண்டும். அவருக்கு வாழத் தகுந்த ஊதியம் வேண்டும். ஆலையில்லா ஊரில்தான் இலுப்பைப்பூ சர்க்கரை. வரி கட்டிய ஊரிலுமா?

மூன்றாவதாக மயானத்தைப் பற்றிப் பேசுவதாகச் சொன்னேன். தொற்றால் இறந்த ஒரு மருத்துவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் சென்னையில் தாக்கியவர்களும், பிறகு சாதி மதம் பாராமல் யாருமற்ற உடல்களைச் சுமந்து சென்ற இளைஞர்களும் நம்மவர்களே. ஆனால் தலைவர் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்துவிட்டார், மழையும் வலுக்கிறது.

எனவே தீர்மானத்துக்கு வருகிறேன். பகுதிநேர நூலகங்களை முழுநேரமாக்க வேண்டும். நூலக வரி நிலுவையை இந்த நிதியாண்டுக்குள் செலுத்த வேண்டும். இனி எந்தப் பேரிடரிலும் வீடு தேடி நூல் வழங்குவதை இன்றியமையாப் பணியாக அறிவிக்க வேண்டும் என்ற மூன்று கோரிக்கைகள் அச்சிட்ட தாள், வாசலில் கிருமிநாசினி வைத்திருக்கும் மேசையிலேயே இருக்கிறது. கையெழுத்தோடு வீட்டு வரி ரசீது எண்ணையும் எழுதுங்கள். வரி செலுத்தியவர்கள் கேட்கிறார்கள் என்பது அதில் தெரிய வேண்டும். தலைவர் அவர்கள் முதல் கையெழுத்தைப் போட்டுத் தொடங்கிவைக்க வேண்டும் என்று கேட்டு, அமர்கிறேன். நன்றி, வணக்கம்.