இரண்டு கடைத் தயிர்ச் சட்டி: எந்தக் கடையில் நிறை கூட?

[திரையில்: மேசை மேல் 16 தயிர்ச் சட்டிகள், எட்டெட்டாக இரண்டு வரிசை. பக்கத்தில் ஒரு டிஜிட்டல் தராசு.]

வணக்கம். திருகோணமலையிலிருந்து கிண்ணியா, மூதூர்ப் பக்கம் போய்வருகிறவர்களுக்கு இந்தச் சட்டியை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. எருமைத் தயிர். தயிர் வாங்குகிற ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கடை இருக்கும், அந்தக் கடையைப் பற்றி அசைக்க முடியாத ஒரு தீர்மானமும் இருக்கும். எங்கள் வீட்டில் அம்மா சொல்வது இது: "அந்த முதல் கடைச் சட்டியில தயிர் கூட. தூக்கினாலே தெரியும்." அப்பா சிரித்துவிட்டுப் பேப்பரைப் பிரிப்பார்.

இன்றைக்கு அந்த வழக்கைத்தான் எடுக்கப்போகிறோம். கடைகளுக்குப் பெயர் இல்லை. எண்களும் கணக்கு விளங்க வேண்டும் என்பதற்காக நானே அமைத்தவை. தராசைத் தூக்கிக்கொண்டு யாரும் சண்டைக்குப் போக வேண்டாம்.

[திரையில்: முதல் கடை: 980, 1010, 1020, 960, 1000, 990, 1030, 1010
இரண்டாம் கடை: 940, 1000, 910, 1020, 960, 930, 1010, 990]

வெறும் சட்டியின் நிறையைக் கழித்த பிறகு தயிர் மட்டும், கிராமில். முதல் கடையின் சராசரி 1000. இரண்டாம் கடையின் சராசரி 970. வித்தியாசம் 30 கிராம், ஏறக்குறைய இரண்டு மேசைக்கரண்டித் தயிர். அம்மா வென்றுவிட்டாரா?

அவசரப்பட வேண்டாம். இந்த எட்டுச் சட்டியைப் பற்றித்தான் கேள்வி என்றால் வழக்கு முடிந்தது. நாம் கேட்பது அதுவல்ல. அந்தக் கடை நேற்று விற்றது, நாளைக்கு விற்கப்போவது, எல்லாச் சட்டியையும் பற்றித்தான் கேட்கிறோம். அந்த முழுத் தொகுதியைப் பாடப்புத்தகம் குடித்தொகை என்கிறது. நம் கையில் இருப்பது அதிலிருந்து எடுத்த எட்டே எட்டு, அதாவது மாதிரி. இன்னொரு நாள் போய் வேறு எட்டு வாங்கினால் வேறு சராசரி வரும். அப்படியானால் இந்த 30 கிராம் கடையால் வந்ததா, அன்றைக்குக் கையில் அகப்பட்ட சட்டியால் வந்ததா?

இதற்கு எனக்கு மிகவும் பிடித்த வழி ஒன்று இருக்கிறது. சூத்திரம் எதுவும் வேண்டாம்.

[திரையில்: சட்டிகளில் ஒட்டியிருந்த கடைத் துண்டுகளை ஒரு கை கழற்றுகிறது.]

எந்தச் சட்டி எந்தக் கடை என்று ஒட்டியிருக்கும் துண்டுகளை எல்லாம் கழற்றுங்கள். ஒரு பேச்சுக்கு, இரண்டு கடைக்கும் வித்தியாசமே இல்லை என்று வைத்துக்கொள்வோம். இதற்குச் சூனியக் கருதுகோள் என்று பெயர். அது உண்மையானால் துண்டுகளுக்கு அர்த்தமே இல்லை. எதை எதில் ஒட்டினாலும் ஒன்றுதான். சரி, துண்டுகளைக் குலுக்கி மறுபடி ஒட்டுங்கள், சராசரிகளைக் கழித்துப் பாருங்கள். 5 கிராம் வருகிறது. திரும்பக் குலுக்குங்கள். இந்தத் தடவை 17.5. 16 சட்டியை எட்டெட்டாகப் பிரிக்க 12,870 வழிகள் உண்டு. கணினி எல்லாவற்றையும் ஒரு நொடியில் செய்துவிடும். அவற்றில் எத்தனை வழிகளில், எந்தப் பக்கமாக இருந்தாலும் சரி, 30 கிராமோ அதற்கு மேலோ வித்தியாசம் வருகிறது? அந்தப் பங்குதான் பி பெறுமானம். வெறும் குலுக்கலே இப்படி ஒரு வித்தியாசத்தை அடிக்கடி தருமென்றால், கடையைக் காரணம் காட்ட நமக்கு வாய் இல்லை.

கணினி இல்லாத காலத்தில் இதையே கணக்கால் சாதித்தார்கள். டப்ளினில் கின்னஸ் பியர் வடிசாலையில் வேலை பார்த்த வில்லியம் சீலி கொசெட் என்பவருக்குக் கிடைத்தவையும் நம்முடையதைப் போலச் சின்ன மாதிரிகள்தான். நிறுவனம் ஊழியர்களைச் சொந்தப் பெயரில் எழுத விடாததால், 1908இல் 'ஸ்டூடன்ட்', அதாவது மாணவன், என்ற புனைபெயரில் தன் கட்டுரையை வெளியிட்டார். சராசரிகளின் வித்தியாசத்தை அதன் தற்செயல் ஆட்டத்தோடு ஒப்பிடும் டி சோதனை அங்கிருந்து வந்தது. இரண்டு பக்கத்துச் சிதறலும் சமமாக இல்லாத இடத்துக்கு ஏற்ற மாதிரி அதைத் திருத்தியவர் வெல்ச், 1947இல். நமக்கு வேண்டியது அதுதான். ஏன் என்று எண்களைப் பாருங்கள்: முதல் கடையில் நிறை 960க்கும் 1030க்கும் நடுவில் நிற்கிறது, இரண்டாம் கடையில் 910இலிருந்து 1020 வரை அலைகிறது. நியம விலகல், அதாவது எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறி நிற்கின்றன என்பதன் அளவு, ஒன்றில் சுமார் 23, மற்றதில் சுமார் 41.

இப்போது கணக்கு. ஒவ்வொரு கடையின் நியம விலகலையும் வர்க்கித்து 8 ஆல் வகுங்கள். முதல் கடைக்குச் சுமார் 64, இரண்டாம் கடைக்குச் சுமார் 207. கூட்டினால் 271. வர்க்கமூலம் 16.5. இது நியம வழு: சராசரிகளின் வித்தியாசம் தற்செயலாக எவ்வளவு ஆடும் என்பதன் அளவு. 30 ஐ 16.5 ஆல் வகுத்தால் 1.82. இதுதான் டி. வித்தியாசமே இல்லாத போதும் நூற்றில் ஐந்து தடவை 'உண்டு' என்று தவறாகச் சொல்லிவிடலாம் என்று ஏற்றுக்கொண்டால், அதாவது 5 சதவீத மட்டத்தில், இந்த இரண்டு மாதிரிக்கும் தாண்ட வேண்டிய எல்லை 2.2. தாண்டவில்லை. பி பெறுமானம் 0.1க்குச் சற்றுக் கீழே நிற்கிறது. கடைகளில் ஒரு வித்தியாசமும் இல்லாவிட்டாலும், இவ்வளவு இடைவெளி நூறு தடவையில் பத்துத் தடவையளவில் வந்துவிடும்.

"பாத்தியா, ரெண்டும் ஒண்டுதான்," என்று அப்பா பேப்பரை மடிப்பார். அதுவும் பிழை. உண்மையான வித்தியாசம் எதற்கும் எதற்கும் நடுவில் இருக்கலாம் என்று காட்டும் நம்பிக்கை ஆயிடையைப் போட்டுப் பாருங்கள்: 30இலிருந்து இரண்டு பக்கமும் 2.2 தடவை 16.5, சுமார் 36. அதாவது -6இலிருந்து 66 கிராம் வரை. முதல் கடையில் 66 கிராம் கூட இருக்கலாம், இரண்டாம் கடையில் 6 கிராம் கூட இருக்கலாம். எட்டுச் சட்டியால் இதற்கு மேல் பேச முடியவில்லை, அவ்வளவுதான். சமம் என்று அது சொல்லவே இல்லை. ஆய்வறிக்கைகளில் கூட இந்தப் பிழை தாராளமாகக் கிடக்கிறது, எனக்கு எரிச்சல் வரும் இடம் இது.

கடைக்கு 32 சட்டி எடுத்து, சராசரியும் சிதறலும் இதே மாதிரி வந்திருந்தால்? மாதிரி நான்கு மடங்கானால் நியம வழு பாதியாகும். டி 3.6ஐத் தாண்டும், வழக்கு அம்மா பக்கம் சாயும். 64 சட்டித் தயிரை யார் சாப்பிடுவது என்பது வேறு பிரச்சினை.

இன்னொன்று. எனக்கு இந்த 30 கிராமை விட இரண்டாம் கடையின் அலைச்சல்தான் உறுத்துகிறது. ஒரு நாள் 1020, இன்னொரு நாள் 910 என்றால் வாங்குகிறவருக்கு அது பெரிய விஷயம். சராசரிகளை ஒப்பிடுவது போலச் சிதறல்களை ஒப்பிடவும் சோதனைகள் உண்டு. எஃப் சோதனை பழையது, ஆனால் தரவு இயல்நிலைப் பரம்பலில், அதாவது நடுவில் குவிந்து இரண்டு பக்கமும் சமமாகக் குறையும் மணி வடிவில், இல்லாவிட்டால் சட்டென்று ஏமாற்றும். லெவீன் சோதனை அவ்வளவு எளிதில் ஏமாற்றாது.

[திரையில்: ஒரே சட்டி, காலையிலும் மாலையிலும் தராசில்.]

இப்போது கேள்வியை மாற்றுவோம். மண் சட்டி ஈரத்தை உறிஞ்சும். காலையில் வாங்கிய தயிர் மாலைக்குள் எவ்வளவு குறைகிறது? இங்கே காலை நிறை எட்டு, மாலை நிறை எட்டு என்று இரண்டு தனி மாதிரியாகப் பிரித்தால் வேலையைக் கெடுத்துக்கொள்கிறோம். சட்டிக்குச் சட்டி இருக்கும் 20, 30 கிராம் வேறுபாடு, ஒவ்வொன்றிலும் குறைந்த 5 கிராமை விழுங்கிவிடும். அதே சட்டியின் காலை நிறையிலிருந்து மாலை நிறையைக் கழித்து, அந்த எட்டு வித்தியாசங்களை மட்டும் சோதியுங்கள். இது சோடிச் சோதனை. சட்டிகளுக்கிடையிலான சிதறல் கணக்கை விட்டே போய்விடும்.

எட்டில் ஒன்று மட்டும் 1500 என்று வந்து சராசரியை இழுத்துக்கொண்டு போனால், நிறைகளை விட்டுவிட்டு 1 முதல் 16 வரை வரிசை எண் போட்டு ஒப்பிடலாம். வில்கொக்சன் 1945இலும், மான், விட்னி இருவரும் 1947இலும் காட்டிய வழி அது.

ஆனால் எந்தச் சோதனையாலும் திருத்த முடியாத ஒன்று உண்டு. முதல் கடையில் அடுக்கின் மேல் தட்டிலிருந்தே எட்டையும் எடுத்தீர்களா? இரண்டாம் கடையின் எட்டும் ஒரே நாள், ஒரே பானைப் பாலில் உறைந்ததா? அப்படியானால் எட்டு என்று எண்ணுகிறோமே தவிர, உண்மையில் ஒன்றுதான். வேறு வேறு நாளில், கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள்.

இரண்டுக்கு மேல் இருந்தால் என்ன செய்வது? கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழு. எது சூடு கூட என்று இரண்டு இரண்டாகச் சோதித்தால் 21 ஒப்பீடு. ஒவ்வொன்றிலும் 5 சதவீதம் தவறலாம் என்றால், ஏழும் ஒரே சூடாக இருந்தால் கூடச் சராசரியாக ஒரு 'கண்டுபிடிப்பு' சும்மாவே வந்து விழும். ஏழையும் ஒரே வீச்சில் ஒப்பிடும் முறைக்கு மாறற்றிறன் பகுப்பாய்வு என்று பெயர். அடுத்த வீடியோவுக்கு ஒரு வெப்பமானியோடு கன்னியாவுக்கே போகிறேன்.

[திரையில்: மேசையில் 15 சட்டி. ஒன்று காலி, பக்கத்தில் கரண்டியும் கித்துள் பாணிப் போத்தலும்.]