தாத்தா கொப்பளித்த சோப்புத் தண்ணீர்

விழாத் தலைவர் அவர்களே, தாளாளர் ஐயா அவர்களே, தலைமையாசிரியை அம்மா அவர்களே, பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் தலைவர், செயலாளர், பொருளாளர் அவர்களே, (யாரோ சைகை காட்டுகிறார், மன்னிக்க வேண்டும்) துணைச் செயலாளர் அவர்களே, முன்னால் தரையில் உட்கார்ந்திருக்கும் குழந்தைகளே, அனைவருக்கும் வணக்கம்.

சோப்புக் குமிழியைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் தாளாளர் ஐயா சிரித்தார். சிறு துரும்பும் பல் குத்த உதவும் ஐயா. மூன்று விஷயங்கள் சொல்கிறேன்: குமிழியின் வரலாறு, வீட்டில் செய்யும் முறை, அதன் நிறங்களின் ரகசியம்.

17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர்கள் குமிழி ஊதும் பிள்ளைகளை வரைந்தார்கள். வாழ்வு நிலையில்லாதது என்று பெரியவர்களுக்குப் பாடமாம். ஊதுகிற பிள்ளைகளுக்கு அந்தக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை. 1730களில் பிரெஞ்சு ஓவியர் ஷார்டான், ஜன்னலில் சாய்ந்து குமிழி ஊதும் ஒரு இளைஞனை வரைந்தார். அவன் பக்கத்தில் ஒரு சின்னப் பையன் எட்டிப் பார்க்கிறான். எனக்குப் பிடித்தவன் அந்தச் சின்னப் பையன்தான். பெல்ஜியத்தில் ஜோசஃப் பிளாட்டோ என்ற விஞ்ஞானி, பார்வை போன பிறகும், மற்றவர்கள் பார்த்துச் சொல்லச் சொல்ல, சோப்புப் படலங்களை ஆராய்ந்து 1873இல் நூல் எழுதினார். லண்டனில் சார்லஸ் வெர்னான் பாய்ஸ் என்ற இயற்பியலாளர் சிறுவர்களைக் கூட்டி வைத்துக் குமிழியைப் பற்றியே சொற்பொழிவுகள் நடத்தினார். ஆகவே இந்த மேடையில் நான் பேசுவது ஒன்றும் புதுமை இல்லை.

சரி, செய்முறை. அதற்கு என் தாத்தாவைக் கூப்பிட வேண்டும். எனக்கு அப்போது எட்டு வயது. குளியல் சோப்பின் பாதியைச் சீவி, வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, ஊறட்டும் என்று அடுப்படி மேடையில் ஒரு டம்ளரில் வைத்திருந்தேன். தாத்தாவுக்குத் தொண்டை வலி. பாட்டி உப்புத் தண்ணீர் வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். தாத்தா வந்தார், எடுத்தார், அண்ணாந்தார், கொப்பளித்தார். கொப்பளிக்கக் கொப்பளிக்க நுரை! வாயெல்லாம் நுரை, மீசையெல்லாம் நுரை. பாட்டி பார்த்துவிட்டு, "ஐயோ, வலிப்பு!" என்று அலற, பக்கத்து வீடு மொத்தமும் உள்ளே வந்துவிட்டது. தாத்தா "இல்லை" என்று சொல்ல வாயைத் திறந்தார். சொல்லுக்குப் பதிலாக ஒரு குமிழி வந்தது. நான் கட்டிலுக்கு அடியில். வாயைக் கழுவிக்கொண்டு வந்த தாத்தா குனிந்து கேட்டார்: "மிச்சம் இருக்கிறதா? எங்கே, எனக்கும் ஊதக் கற்றுக்கொடு." அன்று சாயங்காலம் முழுக்க இருவரும் ஊதினோம். சிறு துரும்பும் பல் குத்த உதவும்; தாத்தாவுக்கோ பல்லையே விளக்கிவிட்டது.

வெறும் தண்ணீரில் குமிழி நிற்காது. அதன் மேற்பரப்பு இழுவிசை, அதாவது மேற்பரப்பைச் சுருங்க இழுக்கும் விசை, அதிகம். சோப்பு அதைத் தளர்த்தி, படலத்தை நீள விடுகிறது. கொஞ்சம் கிளிசரினோ சர்க்கரையோ சேர்த்தால் ஈரம் சீக்கிரம் காயாது. கலக்கும்போது நுரை வர அடிக்காதீர்கள். ஓர் இரவு விட்டுவிடுங்கள். ஊத, துளையுள்ள இலைக்காம்பு போதும். இரண்டு குச்சிகளில் நூல் வளையம் கட்டினால் ஆள் உயரக் குமிழியே வரும். விரலை நனைத்துக் குத்தினால் உடையாமல் உள்ளே போகும். காய்ந்த விரல் என்றால் பட்!

இதற்கெல்லாம் நேரம் வேண்டுமே? இங்கேதான் வருகிறேன். விளையாட்டு வகுப்பைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் கடன் வாங்குகிறோம். என்றைக்காவது திருப்பிக் கொடுத்திருக்கிறோமா? தலைமையாசிரியை அம்மாவிடம் மனுவாகவே கொடுத்திருக்கிறேன்: இனி அந்த வகுப்பை யாருக்கும் கொடுக்கக்கூடாது. நாற்பது நிமிஷம் சின்னத் துரும்புதான். சிறு துரும்பும்... குழந்தைகளே, சொல்லுங்கள் பார்ப்போம். அவ்வளவுதான்!

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். நிறங்களின் ரகசியத்துக்கு நேரமில்லை. உடையப் போகும் குமிழியின் உச்சி கறுத்துவிடும், அதை மட்டும் உற்றுப் பாருங்கள். வாசலில் ஒரு வாளி கலவை வைத்திருக்கிறேன். கணக்கு ஆசிரியர் ஐயா, முதல் ஊது உங்களுடையது. நன்றி, வணக்கம்.