பயனா, பயணமா? எங்கள் அணியின் கடைசிப் பேச்சு

நடுவர் அவர்களுக்கும், கடலை கொறித்துக்கொண்டிருக்கும் மக்களுக்கும் வணக்கம். வணக்கத்தை இதோடு முடித்துக்கொள்கிறேன், மிச்ச நேரம் எனக்கு வேண்டும்.

தலைப்பு தெரியும். பெண்கள் தலைமைக்கு வருவது எப்படி என்று பார்த்துவர வெளிநாட்டுக்கு ஃபெல்லோஷிப்பில், அதாவது உதவித்தொகை கொடுத்து, அனுப்புகிறார்களே, அது பயனா, வெறும் பயணமா? பயன்தான் என்று பேச வந்திருக்கிறேன். போன வருஷம் அப்படி ஐஸ்லாந்து போய்வந்த ஆள் நான், வேறு எந்த அணியில் என்னைச் சேர்ப்பார்கள்?

அதற்கு முன்னால் எதிரணித் தம்பிக்கு ஒரு பாக்கி இருக்கிறது. என்ன சொன்னார்? "ஐஸைப் பார்க்க அக்கா ஐஸ்லாந்து வரைக்கும் போகணுமா? வீட்டு ஃபிரிட்ஜைத் திறந்து முன்னால நின்னாலே போதுமே!" நீங்களும் கை தட்டினீர்கள், நானும் சிரித்தேன். சரி தம்பி, ஃபிரிட்ஜுக்கே வருவோம். உங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் இட்லி மாவு எந்தத் தட்டில் இருக்கிறது? அதில் நேற்று அரைத்தது எது, தோசைக்குப் புளிக்கவிட்டது எது? போன வாரக் கறிவேப்பிலையை எதில் சுற்றி எந்த மூலையில் வைத்திருக்கிறார்கள்? பக்கத்தில் இருக்கிற அண்ணனைப் பார்க்காதீர்கள், அவருக்கும் தெரியாது. நடுவர் ஐயா, உங்களை நான் கேட்கவே இல்லை, நீங்கள் ஏன் தலையைக் குனிகிறீர்கள்?

இதே கேள்வி ஒரு நாடு முழுக்க எல்லா ஆண்களுக்கும் ஒரே நாளில் வந்தது. 1975 அக்டோபர் 24, வெள்ளிக்கிழமை. ஐஸ்லாந்தின் மொத்த ஜனத்தொகையே அப்போது இரண்டேகால் லட்சத்துக்குள்தான். அவர்கள் பாராளுமன்றத்தில் மூன்றே மூன்று பெண்கள். ஐ.நா. அறிவித்த மகளிர் ஆண்டு அது. இந்த ஒரு நாள் வேலைக்கும் போவதில்லை, வீட்டிலும் துரும்பை எடுத்துப் போடுவதில்லை என்று பெண்கள் முடிவு செய்தார்கள். வேலைநிறுத்தம் என்றால் வேலை போய்விடுமோ என்று பயந்தவர்களும் சேரட்டும் என்று, லீவு என்றே அறிவித்தார்கள். நூற்றுக்குத் தொண்ணூறு பெண்கள் லீவு! மீன் ஆலைகள் ஓடவில்லை, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆள் இல்லை, வங்கிகளில் மேலதிகாரிகளே கவுண்டரில் உட்கார்ந்து பணம் எண்ணிக் கொடுத்தார்கள்.

எனக்கு ஊர் காட்டியவர் அன்றைக்கு ஏழு வயசுப் பையன். தன் அப்பா சமையலறையில் பட்ட பாட்டை நடுத்தெருவில் நின்று நடித்தே காட்டினார். அப்பா ஃபிரிட்ஜைத் திறக்கிறார். பார்க்கிறார். மூடுகிறார். மறுபடி திறக்கிறார். தம்பி, கவனிக்கிறீர்களா, ஃபிரிட்ஜ்! முன்னால் நின்றுகொண்டேதான் இருந்தார், ஒன்றும் நடக்கவில்லை. அம்மா எப்போ வருவா என்று பிள்ளை கேட்கவில்லையாம், அப்பா பிள்ளையைக் கேட்டாராம். கடைசியில் கடைக்கு ஓடினார், சாசேஜ் வாங்க, அரைத்த கறியைக் குழல் மாதிரி அடைத்து விற்பார்களே, அது. கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்தால் முடிந்தது, ஆம்பளைக்குத் தோதான சமையல். போய்ப் பார்த்தால் தெருவில் உள்ள அத்தனை அப்பாக்களும் அங்கேதான் நிற்கிறார்கள், ஆளுக்கு ஒரு பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியாமல் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு. அன்றைக்குக் கடைகளில் சாசேஜ் தீர்ந்தே போனது. நான் கட்டிவிடுகிற கதை இல்லை, வரலாற்றில் எழுதிவைத்த தட்டுப்பாடு! பஞ்சத்தில் அரிசி தீர்ந்த நாடு உண்டு, பெண்டாட்டி லீவு போட்டுச் சாசேஜ் தீர்ந்த நாட்டைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? வானொலியில் செய்தி வாசிக்கும்போது பின்னால் குழந்தைகள் விளையாடுகிற சத்தம் கேட்டதாம். அலுவலகங்களில் மிட்டாயும் கலர் பென்சிலும் முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தார்களாம். நீளமான வெள்ளிக்கிழமை என்று ஆண்களே அந்த நாளுக்குப் பெயரும் வைத்துவிட்டார்கள்.

அந்த நேரத்தில் பெண்கள் எங்கே? தலைநகர் ரெய்க்யவிக்கின் நடுவில் லாய்க்யார்டோர்க் என்ற சதுக்கம். நான் போய் நின்றபோது காற்று ஆளைத் தள்ளியது. அவ்வளவு பெரிய இடம்கூட இல்லை. அங்கே 25,000 பெண்கள் கூடினார்கள். ஐந்து வருஷம் கழித்து, 1980-ல், விக்டிஸ் ஃபின்பொகடோட்டிர் மூன்று ஆண்களை எதிர்த்து நின்று குடியரசுத் தலைவர் ஆனார். மக்கள் ஓட்டுப் போட்டு அந்தப் பதவிக்கு வந்த உலகின் முதல் பெண். விவாகரத்து ஆனபின் தனியாளாக ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுத்து வளர்த்தவர். புற்றுநோயால் ஒரு மார்பை எடுத்திருந்தார்கள். இதை வைத்துக்கொண்டு எப்படி ஆளப்போகிறீர்கள் என்று கேட்டதற்கு, நாட்டுக்கு நான் பாலூட்டப் போவதில்லையே என்றாராம்! 16 வருஷம் ஆண்டார்.

இதெல்லாம் யூடியூபிலேயே கிடைக்குமே என்பார் தம்பி. கிடைக்கும். ஆனால் வேலை நாள் மத்தியானத்தில் காபிக் கடையில் ஒரு வாலிபன் கைக்குழந்தைக்குப் புட்டிப்பால் கொடுத்துக்கொண்டிருந்தானே, அவனிடம் "வீட்டுக்காரம்மா ஊருக்குப் போயிட்டாங்களா?" என்று யூடியூபில் கேட்க முடியுமா? "ஆபீஸில் இருக்கிறாள், இது என் முறை" என்றான். அப்பாவுக்கென்று தனியாகப் பிள்ளை வளர்ப்பு விடுப்பு, அவன் எடுக்காவிட்டால் வீணாகிவிடும் என்று 2000-லேயே சட்டம் போட்ட நாடு.

மணி அடிக்கிறீர்கள். தெரியும் ஐயா, ஒரே ஒரு விஷயம்.

அன்றைக்கு ராத்திரி அம்மாவுக்குப் போன் போட்டு இந்தக் கதை முழுக்கச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி, மறுநாள் அந்தப் பாத்திரத்தையெல்லாம் யார் தேய்ச்சா?" என்றார். அவர்களேதான் தேய்த்திருப்பார்கள். அதனால்தான் மறுபடி மறுபடி வெளியே வந்தார்கள் என்று சொன்னேன். ஆண் சம்பளத்தோடு ஒப்பிட்டால் தங்கள் கூலி எத்தனை மணியோடு முடிகிறது என்று கணக்குப் போட்டு 2005-ல் பிற்பகல் 2.08-க்கு எழுந்து போனார்கள், 2016-ல் 2.38-க்கு. பதினோரு வருஷத்தில் அரை மணி நேரம்! 2023-ல் முழு நாளும், பிரதமர் கத்ரீன் யாகப்ஸ்டோட்டிரும் சேர்ந்தே.

"பிரதமருக்கே லீவா?" என்று சிரித்தார். அப்புறம் பேச்சே இல்லை.

1975-ல் அந்த வெள்ளிக்கிழமை நமக்கு ஐப்பசி வெள்ளி. விடியுமுன் எழுந்து வீடு மெழுகி, குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்து, வெள்ளிக்கிழமை என்றால் அம்மாவுக்கு இரட்டை வேலை. இடுப்பில் நான். 1996-ல் ஊராட்சியில் பெண்களுக்கு இடம் ஒதுக்கியபோது எங்கள் ஊருக்கு அம்மாதான் தலைவர். நாற்காலியில் உட்கார்ந்தது அப்பா. தீர்மான நோட்டு வீட்டுக்கு வரும், அம்மா மாவுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அடுப்படியிலேயே கையெழுத்துப் போடுவார். நானே பார்த்திருக்கிறேன், சில பக்கங்களில் கையெழுத்துக்குப் பக்கத்தில் வெள்ளையாக விரல் தடம் இருக்கும்.

அந்தப் போனில் அம்மா சொன்னார்: "அஞ்சு வருஷத்துல ஒரு நாளாவது அந்த நாற்காலியில உட்கார்ந்து பார்க்கணும்னு ஆசையா இருந்துச்சும்மா."

இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தேன் ஐயா, ஒரு நாளும் அவர் இதை என்னிடம் சொன்னதில்லை. நான் அவ்வளவு தூரம் போனதால்தான் சொன்னார். இது பயன் இல்லையென்றால் எது பயன்? புள்ளிவிவரம் இன்னும் கையில் இருக்கிறது, அதெல்லாம் எதற்கு.

மறுபடி மணியா? சரி, முடித்துவிட்டேன். அம்மா மூன்றாவது வரிசையில் இருக்கிறார். தீர்ப்பை நீங்கள் நின்றுகொண்டே சொல்லலாம் நடுவர் ஐயா, அதுவரைக்கும் உங்கள் நாற்காலியைக் கொஞ்சம் கொடுங்கள். அம்மா, மேடைக்கு வாங்க. தம்பி, படியில் விளக்கில்லை, போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வாருங்கள்.