அப்பப்பாவின் நிலவு மணிக்கூடு

அன்பான நேயர்களுக்கு வணக்கம். பழைய சுவிஸ் கைமணிக்கூடுகளை, அதிலும் நாட்காட்டி காட்டுகிறவற்றை, நெடுநாளாகத் தேடிச் சேர்த்து வருகிறேன். சேர்த்தவற்றில் ஒன்றைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

அது என் அப்பப்பாவுடையது. மட்டக்களப்புக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், லிகிதராக இருந்தவர். அந்த மணிக்கூட்டில் கிழமைக்கும் மாதத்துக்கும் இரண்டு சின்ன யன்னல்கள். கிழமை பிரெஞ்சு மொழியில் வரும். ஞாயிறு என்றால் 'டிம்'. ஒரு நீண்ட முள் விளிம்பைச் சுற்றி வந்து 1 முதல் 31 வரை திகதி காட்டும். ஆறு மணிக்குரிய இடத்தில், வளர்ந்து தேய்வதைக் காட்டும் நிலவுப் படம்.

1966 முதல் 1971 வரை நம் இலங்கையில் வார ஓய்வு ஞாயிறு அல்ல, நிலவை வைத்துக் கணிக்கும் பௌத்தர்களின் புனித நாளான போயா. அமாவாசை, பறுவம், இரண்டு அட்டமிகள் என்று மாதத்துக்கு நான்கு. ஒரு போயாவிலிருந்து அடுத்ததற்கு சிலவேளை ஏழு நாள், சிலவேளை எட்டு நாள். அதனால் 'டிம்' வந்தாலும் அப்பப்பா கச்சேரிக்குப் போகவேண்டியிருந்தது. சுவிஸ் நாட்டில் அழகுக்கென்று வைத்த நிலவு, இங்கே லீவு எப்போது என்று சொன்னது! இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடும்.

அந்த நிலவு எப்படி நகர்கிறது? உள்ளே ஒரு தட்டு. அதில் இரண்டு நிலவுகள், விளிம்பில் 59 பற்கள். நாளைக்கு ஒரு பல். ஆகவே ஒரு நிலவுக்கு இருபத்தொன்பதரை நாள். வானத்து நிலவுக்கோ அதைவிட ஏறக்குறைய 44 நிமிடம் கூட. ஓடவிட்டால் இரண்டு வருடம் எட்டு மாதமளவில் ஒரு நாள் பிசகும். திகதி முள்ளுக்கு மாதங்களின் நீளம் தெரியாது. முப்பது நாள் மாதம் முடிந்ததும் நாம்தான் தள்ளிவிடவேண்டும்.

தள்ளுவதற்கு ஓரத்தில் சிறு பொத்தான்கள் உண்டு. ஊசியால் அமுக்கினால் உலோகம் கீறுப்படும். நான் ஈர்க்கை மழுங்கச் சீவி வைத்திருக்கிறேன். இன்னொன்று, நள்ளிரவை ஒட்டிய நேரத்தில் அமுக்கவே கூடாது. அப்போது சக்கரங்கள் ஒன்றையொன்று பிடித்திருக்கும், பல் உடைந்துவிடும். முட்களை ஆறு மணிக்குக் கொண்டுவந்துவிட்டு அமுக்குங்கள்.

அப்புறம், கடலும் வாவியும் சூழ்ந்த ஊர் இது. பழைய கூடுகளுக்குள் ஈரம் சுலபமாக இறங்கும். இவற்றைக் கட்டிக்கொண்டு குளிக்கவேண்டாம்.

உங்கள் வீட்டு அலுமாரியிலும் நின்றுபோன மணிக்கூடு ஒன்று கிடக்கலாம். திருத்தக் கொடுங்கள், ஆனால் முகப்புக்குப் புதிதாகப் பூச்சுப் பூச விடாதீர்கள். பூசினால் பழைய எழுத்தும் மையும் திரும்பக் கிடைக்காது, சேகரிப்பவர்களும் அதை விரும்பமாட்டார்கள். அப்பப்பாவின் முகப்பில் ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவே பழுப்பாய் ஒரு கறை. 1978 கார்த்திகைச் சூறாவளியில் கூரை பறந்த இரவு, கையில் கட்டியபடியே நனைந்தது. அதை அழித்துத் தருவதாகத் திருத்துபவர் சொன்னார். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று வாங்கி வந்துவிட்டேன்.