ரெண்டு ரூபாய்த் தயாரிப்பாளர்கள்

தலைப்பு: சமூகத்தைத் தட்டிக்கேட்கும் சின்னப் படத்தை வாழவைப்பது எடுப்பவரின் துணிவா, பார்ப்பவரின் ஆதரவா? 'பார்ப்பவரின் ஆதரவே' அணியின் உரை.

நடுவர் ஐயாவுக்கும் சபைக்கும் வணக்கம்.

எதிரணி அண்ணன் ஒரு வரி சொல்லிக் கைதட்டல் வாங்கிட்டுப் போனாரு. "இந்த மாதிரிப் படம் ஓடுற தியேட்டர்ல நாற்காலிதாங்க ரசிகர். எடுத்தவன் துணிஞ்சு எடுத்தான், பார்க்க வேண்டியவன் வீட்ல தூங்குறான்"னாரு. அந்த நாற்காலிக்கு வர்றேன் அண்ணே, விடமாட்டேன். அதுக்கு முன்னாடி பால் ஊத்துற ஒரு அம்மாவைப் பார்த்துட்டு வந்துடுவோம்.

1976. குஜராத். ஷ்யாம் பெனகல் 'மந்தன்'னு ஒரு படம் எடுக்கிறாரு. ஒரு கிராமத்துக்குப் பால் கூட்டுறவுச் சங்கம் வருது. வந்ததும் பால்பண்ணை முதலாளிக்கும் ஊர்த் தலைவருக்கும் தூக்கம் போகுது. ஏன்? ஒடுக்கப்பட்ட தெருக்காரங்களும் அதே வரிசையில நின்னு, அதே அளவையில பால் ஊத்துறாங்க. இப்படி ஒரு கதைக்கு யாருங்க பணம் போடுவா? பால்காரங்களே போட்டாங்க! அமுல் பால் கூட்டுறவை வளர்த்த வர்கீஸ் குரியன் யோசனை சொன்னாரு, ஆளுக்கு 2 ரூபாய்னு. எத்தனை பேர்? 5 லட்சம் பேர். கணக்குப் போடுங்க, 10 லட்சம் ரூபாய். படம் முடிஞ்சுது!

சும்மா கடந்து போயிடாதீங்க, இன்னொரு தடவை சொல்றேன். விடியக்காலையில எருமையைக் கறந்து, பாத்திரத்தை இடுப்புல வச்சுக்கிட்டு, சங்கத்து வாசல்ல ஒரு அம்மா நிக்கிறாங்கன்னு வச்சுக்குங்க. பால் காசுல 2 ரூபாய் குறையுது. "எதுக்குப்பா?" "சினிமாவுக்கும்மா." "யார் நடிக்கிற சினிமா?" "நம்ம கதைம்மா." அந்த அம்மா 2 ரூபாயை விட்டுக் கொடுத்துட்டு எருமைக்குத் தீனி வைக்கப் போயிடுறாங்க. அதுதாங்க தயாரிப்பு!

திரையில முதல்ல என்ன எழுத்து வந்துச்சு தெரியுமா? எந்தக் கம்பெனி பேரும் இல்ல. 'குஜராத்தின் 5 லட்சம் விவசாயிகள் வழங்கும்'! படம் வந்ததும் லாரி லாரியா வந்து இறங்கினாங்க. வந்தவங்க அத்தனை பேரும் தயாரிப்பாளர். 2 ரூபாய் போட்டவன் சொந்தப் படத்தைப் பார்க்காம வீட்ல தூங்குவானா அண்ணே?

சரி, இப்போ நாற்காலி.

நாற்காலி காலியா இருந்துச்சுன்னீங்க. எந்தக் காட்சியில அண்ணே? காலை 11.30 மணிக் காட்சி. வெள்ளிக்கிழமை. வேலைக்குப் போறவன் எப்படி வருவான்? அவன் பார்த்துட்டு வந்து பக்கத்து வீட்ல சொல்றதுக்கு ஞாயிறு ஆகும். பக்கத்து வீட்டுக்காரர் திங்கட்கிழமை டிக்கெட் தேடினா, படத்தைத் தூக்கியிருப்பாங்க. பெரிய படத்துக்கு விளம்பரம் முன்னாடி போகும், படம் பின்னாடி வரும். சின்னப் படத்துக்குப் பார்த்தவன் வாய்தான் விளம்பரம். அந்த வாய் திறக்கிறதுக்கு நாலு நாள் வேணும். அந்த நாலு நாளைக் கொடுக்காம, கூட்டம் வரலைன்னு தீர்ப்பு எழுதலாமா?

இதுல எடுத்தவங்க செய்யுற தப்பும் ஒண்ணு இருக்கு. ஆசைப்பட்டு 120 தியேட்டர்ல ஒவ்வொரு காட்சி வாங்கிடுறாங்க. ஒவ்வொண்ணுலயும் 10 பேர். ஆகமொத்தம் 1,200 பேர் பார்த்தாச்சு. ஆனா 120 ஊர்லயும் 'ஆளே இல்லப்பா'ன்னு பேச்சு. அதே 1,200 பேரை 8 தியேட்டர்ல, மாலைக் காட்சியில, 150 பேரா உட்கார வைங்க. 8 ஊர்லயும் 'டிக்கெட் கிடைக்கலை'ன்னு பேச்சு! ஜனம் அதே ஜனம்தான். உட்கார வச்ச இடம்தான் வேற.

அடுத்து, 'வசனமே புரியலை'ன்னு ஒரு புகார். அதையும் ஜனங்க தலையில கட்டுறாங்க. தியேட்டர்ல சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற டால்பி கருவியில அளவு 7-ல இருக்கணும், தரநிலை அதுதான். ஒலிக்கலவை செய்யுறப்ப அந்த அளவை நம்பித்தான் செய்யுறாங்க. பெரிய படமும் டிரெய்லரும் காதைக் கிழிக்குதுன்னு தியேட்டர்ல அதை 5-க்கோ 4-க்கோ இறக்கி வச்சிருப்பாங்க. அப்புறம் சின்னப் படம் ஓடுது. ஒரு பாட்டி முணுமுணுக்கிற வசனம், படத்தோட உயிரே அதுதான், ஏசி சத்தத்துல போயிடுது. முதல் காட்சிக்கு முன்னாடி ஒருத்தர் நேர்ல போய், ஒரு ரீல் ஓட்டிப் பார்த்து, ஆபரேட்டர் அண்ணன்கிட்ட கேட்டு 7-க்கு ஏத்தி வச்சா, அதே பாட்டி கடைசி வரிசை வரைக்கும் பேசுவாங்க.

இன்னொண்ணும் நடக்கும். டிஜிட்டல் பிரதியைத் திறக்க கே.டி.எம்.னு ஒரு சாவி உண்டு. எந்த ஸ்கிரீனோட சர்வர், எந்த நாள்ல இருந்து எந்த நாள் வரைக்கும்னு கணக்கா செஞ்ச சாவி. கடைசி நேரத்துல ஸ்கிரீன் 2-ல இருந்து ஸ்கிரீன் 4-க்கு மாத்தினா அந்தச் சாவி திறக்காது. புதுச் சாவி வர்றதுக்குள்ள காலைக் காட்சி ரத்து. இருக்கிறதே ஒரு காட்சி! வந்தவர் திரும்பிப் போறாரு. அவர் காலி பண்ணிட்டுப் போன நாற்காலியைத்தான் அண்ணன் எண்ணிக்கிட்டு இருக்காரு.

நடுவர் ஐயா மணியில கை வச்சுட்டாங்க. ஒரு அம்மாவுல ஆரம்பிச்சேன், இன்னொரு அம்மாகிட்ட முடிக்கிறேன்.

1984-ல கோழிக்கோட்டுல ஒடேசா கூட்டமைப்புன்னு ஒரு சினிமாக் குழு. மலையாள இயக்குநர் ஜான் ஆபிரகாமும் தோழர்களும் ப்ரொஜெக்டரைத் தூக்கிக்கிட்டு ஊர் ஊராப் போனாங்க. சாப்ளினோட 'தி கிட்' படத்தைப் போட்டுக் காட்டுவாங்க. முடிஞ்சதும், "நாங்களும் ஒரு படம் எடுக்கணும், முடிஞ்சதைக் கொடுங்க"ன்னு கேட்பாங்க. கைவிடப்பட்ட ஒரு குழந்தையைப் பார்த்து அழுத கண்ணோட ஜனங்க காசு கொடுத்தாங்க. அந்தக் காசுல 1986-ல வந்தது 'அம்ம அறியான்'. அம்மாவுக்குத் தெரியணும்னு எழுதுற கடிதம்.

கதை என்னங்க? டெல்லிக்குக் கிளம்பின ஒரு பையன், வழியில ஒரு சடலத்தைப் பார்க்கிறான். செத்தவனுக்கு ஒரு தாய் இருப்பாளே, யார் போய்ச் சொல்றதுன்னு அவனுக்கு மனசு ஆறலை. டெல்லியை விட்டுட்டு, வயநாட்டுல இருந்து கொச்சிக்குப் புறப்படுறான். வழியில ஒருத்தன் கூடச் சேர்றான். இன்னொருத்தன் சேர்றான். யாரும் யாரையும் கூலி கொடுத்துக் கூப்பிடலை. ஒரு தாய்க்குத் துக்கம் சொல்லத் தனியா போகக்கூடாதுன்னு சேர்றாங்க.

அந்த அம்மாகிட்ட போய்ச் சேர்றப்ப, ஒருத்தனா புறப்பட்டவன் பின்னால ஒரு கூட்டமே நிக்குதுங்க ஐயா.

நன்றி, வணக்கம்.