திருமணத்திற்கு வருவோருக்கு என்ன ரிட்டர்ன் கிஃப்ட் கொடுப்பது? நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். நேயர் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "எங்கள் மகளின் திருமணத்திற்கு ஏறத்தாழ 400 பேர் வருவார்கள். மணமக்களின் பெயரும் படமும் அச்சிட்ட பீங்கான் கோப்பையை ரிட்டர்ன் கிஃப்டாகக் கொடுக்கலாம் என்று மகள் சொல்கிறாள். சாப்பிடும் பொருளாக இருந்தால்தான் வீணாகாது என்று என் மனைவி சொல்கிறார். இருவரில் யார் சொல்வது சரி? எத்தனை வாங்க வேண்டும்?"

ஐயா, இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முதல் கேள்வியின் விடை அதைச் சார்ந்தே இருக்கிறது. 400 பேர் வருகிறார்கள் என்பதற்காக 400 பொருள்கள் வாங்க வேண்டியதில்லை. அழைப்பிதழ்ப் பட்டியலை எடுத்து, ஆள் கணக்கை விட்டுவிட்டுக் குடும்பக் கணக்காக எண்ணிப் பாருங்கள். ஒரு குடும்பத்திலிருந்து சராசரியாக மூவர் வருவதாக வைத்துக்கொண்டால் ஏறத்தாழ 135 குடும்பங்கள்தான் ஆகும். தனியாக வருபவர்களையும், கணக்கில் வராமல் வந்து சேர்பவர்களையும் நினைத்துக் கொஞ்சம் கூட்டினாலும் 160 போதும். அதே தொகையை 400 ஆகப் பிரித்தால் யாருக்கும் பயன்படாத சிறு பொருள்தான் கிடைக்கும். 160 ஆகப் பிரித்தால் ஒரு வீட்டில் பல ஆண்டுகள் புழங்கக்கூடிய பொருளையே வாங்கிவிடலாம். குடும்பத்துக்கு ஒன்று என்று முடிவு செய்தால், ஒருவர் மட்டும் பயன்படுத்தும் ஒற்றைக் கோப்பை பொருந்தாது என்பதும் தானாகவே தெளிவாகிவிடும்.

இனி எதைக் கொடுப்பது என்பதற்கு வருகிறேன். நாம் பெரும்பாலும் ஒரு பொருள் மண்டபத்தில் அடுக்கி வைத்திருக்கும்போது எப்படி இருக்கும் என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறோம். அது வாங்கியவருடைய வீட்டில் அடுத்த வாரம் எந்த இடத்தில் இருக்கும் என்று யோசித்துத் தேர்ந்தெடுப்பதே சரியான வழி என்பது என் உறுதியான கருத்து. மணமக்களின் படம் அச்சிட்ட கோப்பையில் நெருங்கிய உறவினர்கள் மகிழ்ச்சியோடு குடிப்பார்கள். ஆனால் அலுவலக நண்பருக்கோ, தூரத்து உறவினருக்கோ அதை எடுத்துப் புழங்கவும் மனம் வராது, தூக்கிப் போடவும் மனம் வராது. அவர்களை அந்தத் தர்மசங்கடத்தில் விட வேண்டாம். பெயர், நாள், நன்றி ஆகியவற்றைப் பொருளின் மேல் அச்சிடாமல், கழற்றி எடுக்கக்கூடிய ஓர் அட்டையில் அச்சிட்டு நூலில் கட்டிவிடுங்கள். விரும்புகிறவர்கள் அட்டையைப் பத்திரப்படுத்துவார்கள், பொருளை எல்லோரும் பயன்படுத்துவார்கள். அட்டையின் மாதிரியை அச்சகத்தார் அனுப்பும்போது, வீட்டில் இருவராவது பெயர்களின் எழுத்தையும் தேதியையும் உரக்கப் படித்துச் சரிபாருங்கள்.

உங்கள் மனைவி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, ஏனெனில் சாப்பிடும் பொருள் யார் வீட்டிலும் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்காது. ஆனால் அதில் கவனிக்க வேண்டியவை அதிகம். சாக்லேட்டில் உள்ள கொக்கோ வெண்ணெய் ஏறத்தாழ 34 டிகிரி செல்சியஸில் உருகத் தொடங்கிவிடும். மூடிய காருக்குள் அந்த வெப்பம் எளிதில் வந்துவிடும். உருகி மறுபடி இறுகிய சாக்லேட்டின் மேல் வெண்மையான படலம் படர்ந்திருக்கும்; அது கெட்டுப்போனதன் அடையாளம் இல்லை என்றாலும், பார்ப்பவர் கெட்டுவிட்டதாகவே நினைப்பார். சிறு தேன் குப்பி கொடுப்பதாக இருந்தால், ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் தரக் கூடாது என்பதை அட்டையில் ஒரு வரியாக எழுதிவிடுங்கள். அது குழந்தையின் குடலில் நச்சை உண்டாக்கும் ஒரு வகைக் கிருமி தொடர்பான எச்சரிக்கை என்பதால், இதைச் சின்ன விஷயமாக எண்ண வேண்டாம். கொட்டைகள், பால், கோதுமை, எள் போன்றவை சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கும். ஆகவே எந்த உணவானாலும் அதில் சேர்ந்தவை என்ன, எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்ற இரண்டும் பொட்டலத்தின் மேல் இருக்க வேண்டும்.

வெளியூரிலிருந்து வருபவர்களையும் மறந்துவிடாதீர்கள். விமானத்தில் கையோடு கொண்டுசெல்லும் பையில், பெரும்பாலான பன்னாட்டுப் பயணங்களில் 100 மில்லி லிட்டருக்கு மேற்பட்ட கொள்கலனில் திரவம் வைக்க அனுமதி இல்லை. விதை, மரக்கன்று போன்றவற்றைப் பல நாடுகள் உரிய சான்றிதழ் இல்லாமல் உள்ளே விடுவதில்லை. கன்று கொடுப்பது நல்ல எண்ணம்தான், ஆனால் அது வளர்க்க இடம் உள்ளவர்களுக்கு மட்டுமே நல்ல பரிசு.

ஆகவே, உங்கள் வீட்டுக்கு நான் சொல்லும் யோசனை இது. அழுத்தமாக மூடிக்கொள்ளும், ஓரளவு பெரிய எவர்சில்வர் டப்பா ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதற்குள் வெப்பத்தில் உருகாத, சில வாரங்கள் கெடாத உலர்ந்த தின்பண்டம் ஏதாவது வைத்து, மகள் விரும்பியபடி மணமக்களின் பெயரும் படமும் உள்ள அட்டையைக் கட்டிக் கொடுங்கள். மொத்தமாகச் சொல்லிவிடுவதற்கு முன் ஒன்றே ஒன்றை வாங்கிச் சோதியுங்கள். மூடியின் உள்விளிம்பில் விரலை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் பிசிறு இருக்கிறதா என்று தெரியும். தண்ணீர் நிரப்பி மூடிக் கவிழ்த்து வைத்தால் கசிகிறதா என்று தெரியும். நாலைந்து முறை கழுவிய பிறகும் மூடி தளராமல் இருந்தால் தயங்காமல் வாங்கலாம். சரக்கு வந்ததும் மேலே இருக்கும் பெட்டியை மட்டும் பார்க்காமல், நடுவிலும் அடியிலும் இருப்பவற்றைத் திறந்து மாதிரியோடு ஒப்பிடுங்கள். குறை இருந்தால் மாற்றி வாங்க அவகாசம் வேண்டும் என்பதால், திருமணத்திற்கு மூன்று வாரமாவது முன்பே டப்பாக்கள் கைக்கு வந்துவிட வேண்டும். தின்பண்டத்தை மட்டும் கடைசி நாலைந்து நாளில் நிரப்பிக்கொள்ளலாம்.

கொடுக்கும் இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேடையருகே கொடுத்தால் விருந்தினர் சாப்பாட்டு வரிசையிலும் அதைச் சுமந்துகொண்டே நிற்க வேண்டியிருக்கும். ஆகவே வெளியேறும் வாசலில், இரு வீட்டு உறவினர்களையும் அடையாளம் தெரிந்த ஒருவரை உட்கார வைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். உடல்நலம் இல்லாமலோ வேறு காரணத்தாலோ வர முடியாமல் போன நெருங்கியவர்களுக்காக இருபதைத் தனியே எடுத்து, அன்று காலையிலேயே மண்டபத்திலிருந்து உங்கள் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.